வயதாவதை நிறுத்திவிட முடியுமா?

கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன்: "இன்னும் இருபது முப்பது வருடத்தில் அறிவியல் முதுமையை நிறுத்திவிடும், இன்று நாற்பது வயதில் இருப்பவர்கள் முந்நூறு, ஐந்நூறு வருடம்கூட வாழலாம் என்று விஷயம் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். இது நடக்கிற காரியமா? நடக்கும் என்றால் அதற்கான மாத்திரைகளை இப்போதே தொடங்கலாமா?"

முதலில் பதில், பிறகு காரணம். வயதாவதை மெதுவாக்க முடியும் என்பதற்கு விலங்குகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. மருந்தோ சிகிச்சையோ கொடுத்து ஒரு பாலூட்டியில் அதை நிறுத்திக் காட்டியவர் இதுவரை யாரும் இல்லை. மனித ஆயுளை நீட்டுகிறது என்று நிரூபிக்கப்பட்ட மூப்புத் தடுப்பு மருந்து இன்றைய தேதிக்கு ஒன்றுகூடக் கிடையாது. அதற்காக "இயற்கைக்கு விரோதம், நடக்கவே நடக்காது" என்று கையை உதறுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. இயற்கை அப்படி ஒரு சட்டம் எதுவும் போட்டு வைக்கவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு பழைய கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1825இல் லண்டனில் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற காப்பீட்டுக் கணக்கு நிபுணர், எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற பட்டியல்களை வைத்துக்கொண்டு ஒன்றைக் கவனித்தார். வளர்ந்த ஒரு மனிதர் அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு, வயதோடு கூட்டல் கணக்கில் ஏறவில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. இன்றைய புள்ளிவிவரத்திலும் அது சுமார் 8 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. 30 வயதில் இருந்த ஆபத்து 70 வயதில் ஏறக்குறைய 32 மடங்கு. 86இல் 128 மடங்கு.

இதில் ஒளிந்திருக்கும் விஷயம் பலருக்கும் உறைப்பதில்லை. நாளைக்கே ஓர் அற்புத மருந்து வந்து, எல்லா வயதிலும் எல்லாக் காரணங்களாலும் வரும் மரண வாய்ப்பைச் சரிபாதியாகக் குறைத்துவிட்டது என்று வையுங்கள். ஆயுள் எவ்வளவு கூடும்? எட்டு வருடம், அவ்வளவுதான். 68 வயதுக்காரரின் ஆபத்து 60 வயதுக்காரரின் ஆபத்தாகும், அங்கிருந்து பழைய ஏணியில் மறுபடி ஏறத் தொடங்கும். புற்றுநோயை மட்டும் அடியோடு ஒழித்தால் சராசரி ஆயுள் மூன்று வருடம் போலக் கூடும் என்பது மக்கள்தொகை ஆய்வாளர்களின் பழைய கணக்கு. புற்றுநோயில் தப்பியவரை அதே வயதில் மாரடைப்போ பக்கவாதமோ காத்துக்கொண்டிருக்கும். ஆகவே நோய்களை ஒவ்வொன்றாகத் துரத்தி 150ஐத் தொட முடியாது. அந்த இரட்டிப்பின் வேகத்தையே குறைக்க வேண்டும். மூப்பு ஆராய்ச்சி தனித் துறையாக ஆனதற்குக் காரணம் இதுதான்.

"ஏற்கெனவே ஆயுள் இரண்டு மடங்கு ஆகிவிட்டதே" என்பார்கள். உலக சராசரி 1900 வாக்கில் 32 வருடம் போல இருந்தது, இப்போது 73ஐ ஒட்டி நிற்கிறது. உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தின் பெரும் பங்கு குழந்தைகள் பிழைத்ததால் வந்தது. சுத்தமான குடிநீர், தடுப்பூசி, பிரசவ கவனிப்பு, அப்புறம் ஆண்டிபயாட்டிக். பிறந்த வருடத்திலேயே இறந்துகொண்டிருந்தவர்கள் எழுபது வரை வந்தார்கள், சராசரி எகிறியது. உச்ச வயது அப்படி நகரவில்லை. பிரான்ஸின் ஆர்ல் நகரில் வாழ்ந்த ஜான் கல்மோன் 1997இல் 122 வயதில் இறந்தார். அதன்பிறகு இத்தனை வருடத்தில், மருத்துவம் இவ்வளவு மாறிய பிறகும், சான்றோடு 120ஐத் தொட்டவர்கூட யாரும் இல்லை.

"என்றென்றும்" என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். மூப்பு முழுவதுமாக நின்றுவிட்டது, எல்லோரும் மார்க்கண்டேயர்கள், என்றும் பதினாறு. அப்போதும் விபத்து இருக்கும், தொற்று இருக்கும், வெள்ளம் இருக்கும். வருடத்துக்கு 2,000இல் ஒருவர் இப்படிப் போகிறார் என்று வைத்தால், பாதிப்பேர் சுமார் 1,400 வருடத்துக்குள் இறந்திருப்பார்கள். நீண்ட காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது சாகாவரம் ஆகாது. இந்தத் துறையில் யோசித்துப் பேசுபவர்கள் "சாகாமை" என்ற சொல்லைத் தொடுவதே இல்லை. "கால வரம்பில்லாத ஆயுள்" என்பார்கள், அதாவது வயது காரணமாகச் சாக வேண்டியதில்லை என்ற அளவுக்கு மட்டும்.

சரி, அப்படி ஓர் உயிர் உண்டா? உண்டு. ஹைட்ரா என்ற சிறிய நன்னீர் உயிரியை ஆய்வகத்தில் வருடக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். வயது ஏற ஏற அதன் இறப்பு வாய்ப்பு ஏறுவதாகத் தெரியவில்லை. உடல் முழுக்க ஸ்டெம் செல், அதாவது பிரிந்து வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. "அது வெறும் குழாய், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டால், ரோமமில்லா வளையெலியைப் பாருங்கள். சுண்டெலி அளவுதான் இருக்கும். சுண்டெலி மூன்று வருடம் தாண்டுவதே அபூர்வம், இது 30 வருடத்துக்கு மேல் வாழ்கிறது. 2018இல் வெளியான ஆய்வில், ஆயிரக்கணக்கான வளையெலிகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, அவற்றின் இறப்பு வாய்ப்பு கோம்பெர்ட்ஸ் சொன்னபடி ஏறவில்லை. நம்மைப் போல இதயமும் மூளையும் குட்டிக்குப் பாலும் உள்ள பிராணி அது. இன்னும் கடலுக்குள் போனால், கிரீன்லாந்து சுறா குறைந்தது 270 வருடமாவது வாழும் என்று கண் லென்ஸின் கார்பனை வைத்துக் கணித்திருக்கிறார்கள். வில்தலைத் திமிங்கிலம் 200ஐத் தாண்டும்.

நமக்கு ஏன் அது வாய்க்கவில்லை? 1952இல் பீட்டர் மெடவார் என்ற உயிரியலாளர் சொன்ன விளக்கம் இன்றும் நிற்கிறது. காட்டில் வாழும் பிராணி முதுமை வருவதற்கு முன்பே புலியிடமோ பட்டினியிடமோ போய்விடும். எண்பது வயதில் கெடுதல் செய்யும் மரபணுவைக் களையெடுக்க இயற்கைத் தேர்வுக்கு வாய்ப்பே கிடைக்காது, அதற்குள் அது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே முதுமை என்பது யாரோ திட்டமிட்டு வைத்த கடிகாரம் அல்ல. பராமரிப்பு விட்டுப்போன பகுதி. இது நல்ல செய்தி, கெட்ட செய்தியும்கூட. நல்லது, ஏனென்றால் தடை எதுவும் இல்லை. கெட்டது, ஏனென்றால் அணைப்பதற்கு ஒற்றை சுவிட்ச் கிடையாது. 2013இல் லோபெஸ்-ஓட்டின் என்ற ஆய்வாளரின் குழுவினர் மூப்பின் அடையாளங்கள் என்று ஒன்பதைப் பட்டியலிட்டார்கள். 2023இல் அவர்களே அதைப் பன்னிரண்டாக்கினார்கள். பட்டியல் நீண்டுகொண்டு போகிறது என்பதே ஒரு தகவல்தான்.

இதைக் கிட்டத்தில் பார்க்க உங்கள் கண்ணே போதும். கண் லென்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் புரதம் நீங்கள் கருவில் இருந்தபோது உருவானது. அந்தச் செல்கள் ஒளி தடையில்லாமல் போவதற்காகத் தம் உட்கருவையே இழந்துவிட்டவை, ஆகவே கெட்டுப்போன புரதத்தைப் புதிதாகச் செய்துகொள்ள அவற்றால் முடியாது. சிறு வயதில் மிருதுவாக வளைந்துகொடுத்த லென்ஸ் வருடா வருடம் இறுகுகிறது. நாற்பதைத் தாண்டியதும் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் படிக்க ஆரம்பிக்கிறோமே, அந்த வெள்ளெழுத்து இதனால்தான். இன்னும் முப்பது வருடம் போனால் அதே புரதம் கட்டிப்பட்டுக் கண்புரை. இதற்கு மருத்துவம் கண்ட தீர்வு என்ன? புரதம் கெடுவதை மெதுவாக்கவில்லை. லென்ஸை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கிறது, அரை மணி நேர வேலை. என்னைப் பொறுத்தவரை, மூப்பின் ஒரு விளைவைத் தினமும் பல்லாயிரம் பேருக்கு உண்மையிலேயே நீக்கிக் காட்டும் சிகிச்சை இதைப் போல வேறு அதிகமில்லை. ஆனால் யாரும் இதை மூப்புத் தடுப்பு என்று விளம்பரம் செய்வதில்லை.

இதே மாதிரி மாறாத பகுதிகள் உள்ளே நிறைய. பெருந்தமனிக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் புரதம் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே போடப்பட்டுவிடுகிறது. அது நைந்துபோக, தமனி விறைக்க, ரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறுகிறது. ஸ்டாக்ஹோமில் யோனாஸ் ஃப்ரிசேன் குழு ஒரு சாமர்த்தியமான வேலை செய்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெடித்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் திடீரென்று ஏறி, பிறகு படிப்படியாக இறங்கியது. செல்லின் டிஎன்ஏவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்தால் அந்தச் செல் பிறந்த வருடம் தெரிந்துவிடும். அளந்து பார்த்ததில், கொழுப்புச் செல்கள் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மாறுகின்றன. இதயத் தசைச் செல்களில் 25 வயதில் வருடத்துக்கு நூற்றில் ஒன்று, 75இல் அதிலும் பாதி. பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்களுக்கு உங்கள் வயதேதான்.

லென்ஸை மாற்றலாம், மூட்டை மாற்றலாம், சிறுநீரகத்தை மாற்றலாம். மூளையை மாற்றினால் மிஞ்சுவது நீங்கள் அல்ல. "உறுப்பை உறுப்பாக மாற்றிக்கொண்டே போகலாம்" என்பவர்கள் இங்கே வந்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

செல் அளவில் என்ன நடக்கிறது என்று நான் பார்ப்பது ஆய்வகத் தட்டில் வளர்க்கும் தோல் செல்களில். புதிதாக எடுத்தவை ஒல்லியாக, நீளமாக, எல்லாம் ஒரே திசையில் ஒழுங்காகப் படுத்திருக்கும். இரண்டு மூன்று நாளில் தட்டு நிறைந்துவிடும், பிரித்து அடுத்த தட்டில் போட வேண்டும். இப்படியே போனால் ஒரு கட்டத்தில் தட்டு நிறைய ஒரு வாரம், பிறகு இரண்டு வாரம், பிறகு நிறையவே நிறையாது. செல்கள் சாகவில்லை. அகலமாகி, தட்டையாகி, ஒழுங்கில்லாமல் பரந்து கிடக்கும். இதற்கென்று இருக்கும் சாயத்தை ஊற்றினால் நீலமாகும். 1961இல் லியோனார்ட் ஹேஃப்ளிக் கண்டது இதைத்தான்: சாதாரண மனிதச் செல் 40 முதல் 60 முறை வரை பிரிந்துவிட்டு நின்றுவிடும். அதுவரை, செல்லுக்கு முடிவே கிடையாது என்பதுதான் பாடப்புத்தகக் கருத்து.

காரணம் குரோமோசோம் நுனியைக் காக்கும் டீலோமியர் என்ற டிஎன்ஏ பகுதி, ஒவ்வொரு பிரிவிலும் குறைகிறது. அதை நீட்டித் தரும் டீலோமரேஸ் நொதியும் நம் மரபணுவிலேயே இருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படியென்றால் நொதியை எல்லாச் செல்லிலும் இயக்கிவிட வேண்டியதுதானே? அதைச் செய்து பார்க்கும் செல்கள் நம் உடலில் ஏற்கெனவே வந்துபோகின்றன. புற்றுநோய்க் கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் இந்த நொதியைத்தான் இயக்கிக்கொள்கின்றன. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்பவரின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள் இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. செல் பிரிவதை நிறுத்துவது ஒரு வகையில் பாதுகாப்பு ஏற்பாடு. அதைத் தளர்த்தும் எந்தச் சிகிச்சையும் புற்றுநோயோடு பேரம் பேசியே ஆக வேண்டும்.

அப்படி நின்றுபோன செல்கள் சும்மாவும் இருப்பதில்லை, அழற்சிப் பொருள்களைச் சுரந்து அக்கம்பக்கத்தைக் கெடுக்கும். அவற்றை மட்டும் அழித்தால் எலிகள் நலமாக இருக்கின்றன என்று மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2011 முதல் காட்டினார்கள். பெரும் பரபரப்பு. அதே எண்ணத்தில் யூனிட்டி பயோடெக்னாலஜி என்ற நிறுவனம் மனித முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு மருந்தைச் சோதித்தது. 2020இல் முடிவு வந்தது: மருந்தில்லாத வெறும் ஊசியைவிட மேலாக எதுவும் இல்லை.

இந்த மாதிரி ஏமாற்றம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. ஆயுள் நீட்டும் சோதனைகளை உயிரின வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 1993இல் சிந்தியா கென்யன் ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவில் டாஃப்-2 என்ற ஒரே ஒரு மரபணுவை மாற்றி ஆயுளை இரட்டிப்பாக்கினார். எலியில் வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பியை, அதாவது அந்த ஹார்மோனின் சேதியைச் செல்லில் வாங்கும் புரதத்தை, நீக்கினால் ஆயுள் பாதிக்குப் பாதி அளவில் கூடியது. அப்படி ஒரு எலி ஐந்து வருடத்துக்கு ஒரு வாரம் குறைவாக, 1,819 நாள் வாழ்ந்து சாதனை படைத்தது. குரங்கில்? உணவைக் குறைத்தால் எலி நீண்டநாள் வாழ்கிறது என்பது 1935 முதல் தெரியும். அதை ரீசஸ் குரங்கில் பார்க்க அமெரிக்காவில் இரண்டு இடங்களில் 1980களின் கடைசியில் தொடங்கினார்கள். விஸ்கான்சினில் ஆயுள் கூடியது. தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் கூடவில்லை. பிறகு நோண்டிப் பார்த்தால், விஸ்கான்சினில் ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகளுக்குக் கொடுத்த தீனியில் சர்க்கரை மிக அதிகம், வேண்டிய மட்டும் தின்னவும் விட்டிருந்தார்கள். குறைவாகத் தின்றவை அதிகம் வாழ்ந்தனவா, கண்டபடி தின்றவை சீக்கிரம் செத்தனவா என்ற கேள்வி வந்துவிட்டது. இரண்டு இடத்திலும் நோய் குறைந்தது என்னவோ நிஜம்.

மனிதனில் இதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. ஈக்வடாரின் தெற்கு மலைக் கிராமங்களில் லாரோன் நோய்க்குறி உள்ளவர்கள் வாழ்கிறார்கள். சாதனை எலியில் நீக்கிய அதே ஏற்பி இவர்களுக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. உயரம் மிகக் குறைவு. ஹைமே கெவாரா-அகிர்ரே என்ற மருத்துவர் இவர்களில் சுமார் நூறு பேரை 22 வருடம் கவனித்தார். 2011இல் வந்த முடிவு அசரவைத்தது: சர்க்கரை நோய் ஒருவருக்கும் இல்லை, புற்றுநோய் ஒரே ஒருவருக்கு, அதுவும் உயிரைக் குடிக்கவில்லை. அதே கிராமங்களில் வாழும் உறவினர்களுக்கு இரண்டும் வந்தன. ஆனால் ஆயுள்? உறவினர்களைவிட அதிகம் வாழவில்லை. விபத்து, மது, வலிப்பு என்று வேறு வழியில் போனார்கள். எலியில் ஆயுளைப் பாதிக்குப் பாதி கூட்டிய மாற்றம் மனிதனில் ஆரோக்கியத்தைத் தந்தது, வருடத்தைத் தரவில்லை.

இப்படி, பிராணி பெரிதாகி ஆயுள் நீள நீளப் பலன் சுருங்குகிறது. எனக்குப் படும் காரணம் எளிது. எலிக்கு இல்லாத பராமரிப்பு ஏற்பாடுகளை மனித உடல் பரிணாமத்தில் ஏற்கெனவே சேர்த்துக்கொண்டுவிட்டது. எலி மூன்று வருடம், நாம் எண்பது வருடம். எலியில் சரிசெய்வது பெரும்பாலும் நம்மிடம் ஏற்கெனவே சரியாக இருப்பதைத்தான்.

மருந்துகளில் எனக்கு மரியாதை உள்ளது ராபமைசின் ஒன்றின் மேல்தான். 1964இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரி சுரக்கும் பொருள் இது. மான்ட்ரியாலில் சுரேந்திரநாத் சேகல் பிரித்தெடுத்தார். நிறுவனம் ஆர்வம் இழந்து ஆய்வகத்தை மூடியபோது, மனம் கேட்காமல் அந்த நுண்ணுயிரியை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். பிற்பாடு அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக 1999இல் அனுமதி பெற்றது. எலிகளில் ஆயுளுக்காகச் சோதிக்க எடுத்தபோது, தீவனத்தில் கலந்தால் கெட்டுப்போகாமல் இருக்கும் வடிவத்தைத் தயாரிக்கவே தாமதமாகி, எலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது, மனிதக் கணக்கில் அறுபது போல. இருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் முடிவு: உச்ச வயதில் ஆண் எலிக்கு 9, பெண் எலிக்கு 14 சதவீதம் கூடுதல். மூன்று வெவ்வேறு ஆய்வகங்களில் ஒரே சமயத்தில் நடத்தி, மூன்றிலும் ஒரே போக்கு. கிழவயதில் தொடங்கியும் வேலை செய்தது என்பதுதான் இதன் பெருமை. மனிதனில் ஆயுள் முடிவு இல்லை. வாய்ப்புண், ரத்தக் கொழுப்பு ஏறுவது, தொற்று என்று பக்கவிளைவுகள் உண்டு.

மெதுவாக்குவதைத் தாண்டிப் பின்னோக்கித் திருப்புவது என்றால், அதில் உண்மையான நம்பிக்கை தருவது ஷின்யா யமனாகாவின் வழி. 2006இல் நான்கு மரபணுக்களை இயக்கி முதிர்ந்த செல்லைக் கருச்செல் நிலைக்குக் கொண்டுபோனார், 2012இல் நோபல். நாற்பது வயதுத் தாயின் கருமுட்டையிலிருந்து பிறக்கும் குழந்தை நாற்பது வயதோடு பிறப்பதில்லை, பூஜ்யத்தில் தொடங்குகிறது. அந்த அழிப்பு வேலையை ஆய்வகத்தில் செய்ய முடிகிறது என்பது இதன் பொருள். முழுதாகச் செய்தால் தோல் செல் தான் தோல் என்பதையே மறந்துவிடும், எலிக்குள் செய்தபோது கட்டிகள் முளைத்தன. ஆகவே பாதியில் நிறுத்திப் பார்த்தார்கள். 2016இல் சால்க் நிறுவனத்தில், சீக்கிரம் முதுமையடையும் நோயுள்ள எலிகள் கூடுதலாக வாழ்ந்தன. 2020இல் ஹார்வர்டில் டேவிட் சின்க்ளேர் குழு, பார்வை மங்கிய எலிகளுக்குப் பார்வையை ஓரளவு மீட்டது. 2022இல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற நிறுவனம் மூன்று பில்லியன் டாலரோடு இதற்காகவே தொடங்கப்பட்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் வேறு. ஒரு செல் தப்பினாலும் கட்டி. அடுத்த இருபது வருடத்தில் கண், காது, கல்லீரல் என்று ஓர் உறுப்புக்கு இது மருத்துவமாக வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். முழு உடலுக்கு வந்தால் ஆச்சரியப்படுவேன்.

இப்போது அந்த "ஐந்நூறு வருடம்" எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மூப்பை வெல்லலாம் என்று பிரசாரம் செய்யும் ஆப்ரி டி கிரே, ரே கர்ஸ்வைல் போன்றவர்களின் வாதம் இது: ஐந்நூறு வருடத்துக்கான மருந்து இன்றே வேண்டாம். இருபது வருடம் தள்ளிப்போட்டால் போதும், அதற்குள் அடுத்த இருபதுக்கான மருந்து வந்துவிடும், இப்படியே முன்னேறிக்கொண்டே போகலாம். கேட்க அழகாக இருக்கிறது. வேகம் என்ன என்று பார்த்தால், 1840 முதல் உலகின் முதலிடத்து நாடுகளில் சராசரி ஆயுள் வருடத்துக்கு மூன்று மாதம் வீதம் கூடியது. இந்த வாதத்துக்குத் தேவை வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். அந்த மூன்று மாத வேகமும் 1990க்குப் பின் நீண்ட ஆயுள் உள்ள நாடுகளில் குறைந்துவருகிறது என்று ஜே ஓல்ஷான்ஸ்கி என்ற ஆயுள் ஆய்வாளரின் குழு 2024இல் காட்டியது.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை சோதனைக்கு ஆகும் காலம். புழுவில் முடிவு தெரிய ஒரு மாதம், எலியில் மூன்று நான்கு வருடம், குரங்கில் முப்பது வருடம். மனிதனை 150 வரை கொண்டுபோகிறதா என்று அறிய, கொடுத்துவிட்டு 150 வரை காத்திருக்க வேண்டும். கணினியின் வேகம் கூடினாலும் மனிதன் கிழவனாகும் வேகம் கூடாது. இதைச் சுற்றிப்போக ரத்தம் போன்ற திசுக்களில் அளக்கும் "உயிரியல் வயது" கடிகாரங்கள் வந்திருக்கின்றன, 2013இல் ஸ்டீவ் ஹார்வத் டிஎன்ஏவின் 353 இடங்களை வைத்து உருவாக்கியது பிரபலம். வயதைச் சொல்வதில் அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மருந்தால் கடிகார முள் பின்னே போனால் ஆயுள் நிஜமாகவே கூடுமா என்பதை யாரும் காட்டவில்லை. முள்ளை மட்டும் திருப்பிவைக்கும் மருந்தும் இருக்கக்கூடும்.

ஓல்ஷான்ஸ்கிக்கும் ஸ்டீவன் ஆஸ்டாட் என்ற உயிரியலாளருக்கும் ஒரு பந்தயம் உண்டு. 150 வயதைத் தொடப்போகும் முதல் மனிதர் 2000ஆம் ஆண்டுக்குள்ளேயே பிறந்துவிட்டார் என்பது ஆஸ்டாட் கட்சி. ஆளுக்கு 150 டாலர் போட்டு முதலீடு செய்திருக்கிறார்கள், 2150இல் ஜெயித்தவரின் வாரிசுகளுக்குப் போகும். என் பணம் ஓல்ஷான்ஸ்கி பக்கம், ஆனால் ஆஸ்டாட்டை முட்டாள் என்று சொல்ல மாட்டேன்.

மூளையைக் கணினிக்கு ஏற்றுவது, உடலை உறையவைத்துக் காத்திருப்பது பற்றியும் கேட்பீர்கள். 302 நரம்புச் செல் உள்ள உருளைப்புழுவின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது, இன்றுவரை அந்தப் புழுவை முழுமையாகக் கணினியில் ஓட்ட முடியவில்லை. நம்மிடம் இருப்பது 86 பில்லியன். 1967இல் உறையவைத்த முதல் மனிதர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு இன்னும் அரிசோனாவில் திரவ நைட்ரஜனில் இருக்கிறார். உறைந்த ஒரு முழுப் பாலூட்டியை அந்த நிலையிலிருந்து மீட்டவர் யாரும் இல்லை.

கடைசியாக மாத்திரை. சிவப்புத் திராட்சையில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளின் மோகத்தில் ஒரு பெரிய மருந்து நிறுவனம் 2008இல் 720 மில்லியன் டாலர் கொடுத்து சிர்ட்ரிஸ் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, 2013இல் கடையைக் கட்டியது. ராபமைசினைச் சோதித்த அதே மூன்று ஆய்வகத் திட்டத்தில் ரெஸ்வெரட்ராலும், செல்லின் ஆற்றல் வேலைக்குத் தேவையான என்ஏடி என்ற மூலக்கூறை ஏற்றும் வகையைச் சேர்ந்த நிகோடினமைடு ரைபோசைடும் சாதாரண எலியின் ஆயுளைக்கூட நீட்டவில்லை. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினும் தனியாகக் கொடுத்தபோது அங்கே தேறவில்லை. சர்க்கரை நோய் இல்லாத முதியவர்களுக்கு அது உடற்பயிற்சியின் தசைப் பலனைக் குறைக்கிறது என்றும் 2019இல் ஒரு சோதனை காட்டியது. 65 முதல் 79 வயது வரை உள்ள சுமார் 3,000 பேரில் மெட்ஃபார்மினைச் சோதிக்க நிர் பார்ஸிலாய் என்ற ஆய்வாளர் போட்ட திட்டம், காப்புரிமை தீர்ந்த மருந்தில் யாருக்கும் லாபம் இல்லை என்பதால் பணம் சேராமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. இளைஞர்களின் ரத்த பிளாஸ்மாவை ஏற்றுவதற்கு எந்த நிரூபணமும் இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் பகிரங்கமாக எச்சரித்தது.

நீங்கள் புகை பிடிப்பவர் என்றால், அது சராசரியாகப் பத்து வருடத்தை எடுக்கும். நாற்பதுக்குள் விட்டால் அந்த இழப்பில் பத்தில் ஒன்பது பங்கு திரும்பிவிடும். எந்த ஆய்வகத்திலும் இந்த அளவு பலன் தரும் மருந்து இன்று கிடையாது. புகை பிடிக்காதவர் என்றால் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், தசையை விட்டுவிடாதீர்கள். அப்புறம், இனி "ஆயுளை நீட்டும் மருந்து கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால் மூன்று விஷயத்தைத் தேடிப் படியுங்கள்: எந்தப் பிராணியில், எத்தனை வயதில் தொடங்கினார்கள், ஒப்பீட்டுக்கு வைத்தவை இயல்பான ஆயுள் வாழ்ந்தனவா. மூன்றாவதுதான் அதிகம் கவிழ்க்கும். ஒப்பீட்டு எலிகள் சீக்கிரம் செத்திருந்தால் எந்த மாத்திரையும் அமிர்தமாகத்தான் தெரியும்.